ரப்பர் செடியும் என் கடைவாய்ப் பல்லும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா சௌக்கியம், வீடு சௌக்கியம், வண்டி சௌக்கியம், இடது கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர நானும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் நன்றாக இருப்பது தினமும் போனில் தெரிகிறது, இருந்தாலும் கடிதம் என்றால் விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும், விசாரித்துவிட்டேன். தினம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. போனில் நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அப்படி இல்லை, இப்படித்தான் நடந்தது என்று திருத்துகிறாள். அவள் திருத்தியதுதான் உண்மை என்பது வேறு விஷயம். இந்த ஒரு விஷயத்தில் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை நானே முழுதாகச் சொல்லிவிட ஆசைப்படுகிறேன், அதையும் அவள் சொல்லிவிட்டால் எனக்கென்று என்ன மிச்சம் இருக்கும்.

குட்டி பிறந்ததிலிருந்து நீ, எப்ப வர்றீங்க, எப்ப வர்றீங்க என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நானும் பக்கத்து வீட்டோடு சுவர்ப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, அது முடியட்டும், அது முடியாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால் நாம் பயந்து ஓடிவிட்டதாக நினைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உன் அம்மா விசா வந்த வாரமே பரண் மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். குட்டிக்குப் பின்னிய ஸ்வெட்டரை அதில் வைத்தாள். பிறகு ஒருநாள் அதை எடுத்துப் பிரித்து, இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பின்ன ஆரம்பித்தாள். நான் அதையும் பார்த்துக்கொண்டு, சுவர் முடியட்டும் என்றேன். சுவர் இப்போது முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்பதுதான் கதை.

நம் வீட்டுப் பின்பக்கம், சுவர் ஓரமாக நிற்கிற ரப்பர் செடியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் டிரைவிங் ஸ்கூல் திறந்த அன்று யாரோ ஒருவர் அழகுக்கு என்று சின்னத் தொட்டியில் கொண்டுவந்து கொடுத்தது. மேஜை மேல் இருந்தது, பிறகு மேஜைக்குக் கீழே வந்தது, பிறகு கதவைத் திறந்தால் இடித்தது, அம்மாதான் வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியை உடைத்து மண்ணில் வைத்தாள். அன்றையிலிருந்து அது நம் வீட்டில் செடிதான். முழங்கால் உயரம் இருந்தபோதும் செடி, மாடியைத் தாண்டி மொட்டை மாடித் தொட்டியை எட்டிப் பார்த்தபோதும் செடி. செடிப் பக்கம் போய்ப் படி என்று உன்னை விரட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை முதல் தடவை வந்தபோது செடி தெரிகிற வீட்டு முன்னால் வண்டியை விடுங்க என்று நான் சொல்ல, அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் செடியைத் தேடிக்கொண்டு தெருவிலேயே நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர் வெளியே போனால் என்ன கதியாகும் என்று எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மாமாவுக்கும் எனக்கும் இத்தனை வருஷத்தில் ஒரு சொல் வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான், ரிவர்ஸ் மட்டும் கடைசிவரை வரவில்லை, அதனால் இன்றைக்கும் மாஸ்டர் மாஸ்டர் என்று மரியாதையாகத்தான் இருப்பார். செடியின் பாதிக் கிளை சுவரைத் தாண்டி அவர் பக்கம்தான் போகிறது. அதன் நிழலில் நாற்காலி போட்டுத்தான் அவருடைய நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். வருகிறவர்களிடமெல்லாம் நம்ம மரம், நம்ம மரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். போன மழைக்குப் பிறகு அவர் வீட்டுப் பின்கட்டில் சிமெண்டுத் தரை நடுவில் உப்பிக்கொண்டு வந்தது, சுவரில் என் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு, குளியலறைத் தண்ணீர் போகாமல் வாசற்படி வரை வந்து நின்றது. அன்று சாயங்காலம் சுவர் ஓரமாக வந்து நின்று, மாஸ்டர், உங்க மரம் என்ன பண்ணியிருக்குன்னு வந்து பாருங்க என்றார். கிளை வரைக்கும் நம்ம மரம், வேர் என்று வந்ததும் உங்க மரம். எனக்குச் சுருக்கென்றது. சரி, என்ன செய்யலாம் டாக்டர் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவர் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை, அவர் பக்கம் வந்த வேரை வெட்டிவிட்டுச் சுவரை இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டலாம் என்றுதான் வந்திருக்கிறார். நான் அவரைப் பேசவிட்டால்தானே. அது மரம் இல்லீங்க, செடி, செடி வேர் எங்கயாவது சிமெண்ட்டைத் தூக்குமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, நல்ல பாயிண்ட் பிடித்தோம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

இதில் இன்னொரு சிக்கல். அந்த வாரம்தான் அவர் என் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சையைப் பாதி முடித்து, மேலே தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வாங்க மாஸ்டர் என்று அனுப்பியிருந்தார். சண்டை வந்த பிறகு அடுத்த வாரம் எப்படிப் போவது? ஒருவர் மேல் கோபம் இருக்கும்போது அவர் முன்னால் மல்லாந்து படுத்து வாயைத் திறப்பது முடிகிற காரியமா சொல். வேறு டாக்டரிடம் போகலாம் என்றால் பாதியில் விட்ட வேலையை அவர்கள் தொட யோசித்தார்கள். ஆகவே நான் வலது பக்கமாகவே மென்று, இடது பக்கமாகத் தலையணை வைத்து, சுவரைப் பார்த்து முறைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். டாக்டர் வீட்டு அத்தை உன் அம்மாவிடம், அக்கா, அவர் ரெண்டு வேரையும் சொல்லித்தான் புலம்புறார், எந்த வேரைச் சொல்றார்னு எனக்கே குழப்பமா இருக்கு என்று சொன்னாளாம். உன் அம்மா சிரித்துக்கொண்டே வந்து இதைச் சொன்னாள். எதிரி வீட்டு ஜோக்குக்குச் சிரிக்கிறாயா என்று கேட்டேன். எனக்கு யாரும் எதிரி இல்லை, நான் துணி காயப்போடப் போகிறேன் என்று போய்விட்டாள்.

பிறகு டாக்டர் சாக்கடைக் குழாயைத் திறந்து, உள்ளேயிருந்து எடுத்த வேரை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து காட்டினார். சாயம் போன தலைமுடி மாதிரிச் சிக்கலாக இருந்தது. இதில் என் செடி பேர் எழுதியிருக்கா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் கோபப்படவே இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எழுதியிருக்கான்னு தோண்டிப் பாத்துருவோமே மாஸ்டர் என்றார். எனக்கும் வீராப்பு. என் பக்கத்திலிருந்து நானே தோண்டுகிறேன், வேர் சுவரைத் தொடவில்லை என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று மண்வெட்டியை எடுத்துவிட்டேன். உன் அம்மா, தண்ணிக் குழாய் அந்தப் பக்கமாத்தான் போகுது என்றாள். எனக்குத் தெரியாதா, வீடு கட்டும்போது கூடவே நின்றவன் நான் என்றேன். நாலு வெட்டு வெட்டியிருப்பேன். வேர் தெரிந்தது, என் தொடை கனத்துக்கு, நேராகச் சுவருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வெட்டில் குழாயும் தெரிந்தது, அதாவது குழாய் இருந்த இடமும் அங்கேயிருந்து என் முகத்துக்கு வந்த தண்ணீரும் தெரிந்தது. என் செடி குற்றவாளி என்பதற்குச் சாட்சியையும் தோண்டி எடுத்து, என் வீட்டுத் தண்ணீரையும் நானே நிறுத்திக்கொண்ட பெருமை எனக்கு.

குழாய்க்காரர் வருகிற வரைக்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்று மத்தியானம் சுவருக்கு மேலே ஒரு பச்சை ஹோஸ் பைப் மெதுவாக எட்டிப் பார்த்தது. அதன் பின்னாலேயே டாக்டரின் குரல், சண்டை வேற, தண்ணி வேற, பிடிங்க மாஸ்டர் என்றது. நான் பிடிக்கவில்லை. உன் அம்மா வந்து பிடித்து எல்லாக் குடத்தையும் நிரப்பினாள், கடைசியில் நான் குளிப்பதற்கும் ஒரு வாளி பிடித்து வைத்தாள். எதிராளி வீட்டுத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே அவர் மேல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று நீ ஒருநாளும் தெரிந்துகொள்ள வேண்டாம் அம்மா.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நகராட்சியில் ஒரு மனு கொடுத்துவிட்டார், மரத்தின் வேர் சுவரையும் சாக்கடையையும் கெடுத்துவிட்டது, உரிமையாளரைக் கூப்பிட்டு வேரை வெட்டச் சொல்லுங்கள் என்று. அங்கேயிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உன் அப்பாவுக்குப் பேனாவைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? பழைய சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். மேற்படி மரம் மரமே அல்ல, அது ஒரு செடி, அழகுக்காகத் தொட்டியில் வாங்கப்பட்டது, எங்கள் குடும்பத்தில் அன்றுமுதல் இன்றுவரை செடி என்றே அழைக்கப்படுகிறது, ஆகவே மரங்களுக்கான விதிகள் அதற்குப் பொருந்தா. பொருந்தா என்று எழுதிவிட்டு நானே இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். வெயில் தாங்காமல் நேராகப் போய் நிழலில் நின்றுகொண்டு, தொப்பியைக் கழற்றி விசிறியபடி, செடி எங்க சார் என்று கேட்டார். நீங்க சாஞ்சு நிக்கிறதுதான் சார் என்றேன். அவர் திரும்பி அடிமரத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பதில் வந்தது. உரிமையாளர் எழுத்துமூலம் தெரிவித்துள்ளபடி மேற்படி தாவரம் செடி வகையைச் சேர்ந்தது என்று முதல் வரியிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் டாக்டர் காதில் விழும்படி உரக்கப் படித்தேன். முதல் வரியை மட்டும்தான் படித்தேன், அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. காகிதத்தை டிவி மேல் வைத்துவிட்டு அன்று கொஞ்சம் பாட்டுக்கூடப் பாடினேன் என்று உன் அம்மா சொல்கிறாள், நான் நம்பவில்லை. டாக்டர் விடுகிறவரா, மேலதிகாரிக்கு எழுதினார். இருவரும் நேரில் வாருங்கள் என்று உத்தரவு வந்தது. நான் உனக்குப் போன் பண்ணி, அந்தத் தேதி முடிந்ததும் கட்டாயம் டிக்கெட் போடலாம் என்றேன். நீ சரிப்பா என்றாய். உன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, அது எனக்குக் கேட்காத மாதிரி லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

குறிப்பிட்ட அன்று காலையில் டாக்டர் நம் வாசலில் வந்து நின்றார். அவர் கார் சாவி எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம், டாக்டர் அத்தை வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடியும் கிடைக்கவில்லையாம். ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்ல ஒரே வண்டியில் போவதா என்று எனக்கு ஒரு தயக்கம், ஆனால் வீட்டு வாசலில் நிற்கிறவரை எப்படி விட்டுவிட்டுப் போவது. ஏறுங்க என்றேன். கோபத்தைக் காட்டுவதற்காகப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் டாக்ஸிக்காரன் மாதிரி ஓட்டிக்கொண்டு போனேன். அலுவலகத்தில் ஒரே பெஞ்சு. ஒரு ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் நான், நடுவில் எங்கள் இரண்டு பேருடைய பைகள். மேலதிகாரி இப்போது வருவார், சாப்பிட்டுவிட்டு வருவார், வேறு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் இன்றைக்கு வரமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது. மத்தியானத்துக்கு மேல் அவர் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினார். நான் வலது பக்கமாகக் கடித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

திரும்பும்போது முன் சீட்டில் ஏறினார். ஊரைத் தாண்டுகிற பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்ததும், வாயைத் திறங்க மாஸ்டர் என்றார். விளையாடுறீங்களா என்றேன். திறங்கன்னா திறங்க, உங்க பல்லைப் பாதியில விட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது என்று போனில் இருக்கிற விளக்கைப் போட்டு என் வாய்க்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அடைச்சதெல்லாம் போச்சு, உள்ள சீழ் பிடிச்சிருக்கு, இப்படியா விடுவீங்க, என் மேல கோபம்னா ஒரு கல்ல எடுத்து என் ஜன்னல் கண்ணாடியில எறிஞ்சிருக்கலாமே, பல்லு என்ன பண்ணுச்சு என்று அவர் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே இருக்கிறார். பச்சை விழுந்தது எங்களுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்த அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தது. என் வாழ்நாளில் என் வண்டியைப் பார்த்து யாரும் அப்படி ஹாரன் அடித்ததில்லை, பக்கத்தில் வந்த ஒரு பெண் கண்ணாடியை இறக்கி, எங்க சார் ஓட்டக் கத்துக்கிட்டீங்க என்று கேட்டுவிட்டுப் போனாள். டாக்டர் அதற்குச் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பல் வலியோடு சிரித்தேன்.

நம் தெருவுக்குள் திரும்பினோம். பேசிக்கொண்டே வந்தோம், தெரு முடிந்துவிட்டது. வீடு வரவில்லை. எனக்குத் தலை சுற்றியது, வேறு தெருவுக்குள் வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஊரில் பாதிப் பேருக்கு வழி சொல்லிக்கொடுத்தவன் தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டான். செடி தெரிந்தால் திரும்பு என்றே பழகிய கண் செடியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டர்தான் என் கையைப் பிடித்து, மாஸ்டர், நம்ம மரம் எங்க என்றார். நான், ஐயோ மரம் என்றேன். செடி என்று எனக்கு வரவே இல்லை.

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மரம் அறுக்கிறவர்கள் மெஷினையெல்லாம் வண்டியில் ஏற்றி முடித்துவிட்டிருந்தார்கள். அடிமரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது, அதிலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் நாங்கள் பார்த்திராத அளவுக்கு வெளிச்சம், சுவரின் வெடிப்பு, பாசி, என் மண்வெட்டி, ஹோஸ் பைப், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நாற்காலி போட்டுக்கொண்டு உன் அம்மாவும் டாக்டர் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மடியில் கார் சாவி இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வெட்டின இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார், நான் வேரைத்தானே வெட்டச் சொன்னேன், நான் வேரைத்தானே வெட்டச் சொன்னேன் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். யாரைக் கேட்டு என் மரத்தை வெட்டினாய், மரத்தை வெட்ட அனுமதி வாங்க வேண்டும் தெரியுமா என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். உன் அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. டிவி மேல் நான் வைத்திருந்த காகிதத்தைத் தன் மடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் படிக்காமல் விட்ட இரண்டாவது வரியை அன்றைக்குத்தான் படித்தேன். ஆகவே அதை அகற்ற இவ்வலுவலகத்தின் முன் அனுமதி தேவையில்லை என்று போட்டிருந்தது. செடியைத்தான் எடுத்தேன், நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க என்றாள்.

அப்புறம் அவள் மெதுவாகத்தான் பேசினாள். என் மரம், என் செடின்னு ரெண்டு வீட்டுக்கும் கேக்குற மாதிரி சொன்னீங்க, அதை மண்ணுல வெச்சது நான், தினம் கூட்டுறது நான், எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றாள். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை, அதிகாரியும் கேட்கவில்லை. பிறகு, குட்டி பொறந்தப்ப சுவர் முடியட்டும்னீங்க, குப்புற விழுந்துச்சு, சுவர் முடியட்டும்னீங்க, இப்ப எந்திரிச்சு நிக்கப் பாக்குது, நடக்குறதையும் நான் போன்லதான் பாக்கணுமா, இந்தச் செடி இருக்கிற வரைக்கும் நீங்க கிளம்ப மாட்டீங்க, அதான் எடுத்துட்டேன் என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். டாக்டர் என்னைப் பார்த்து, பேத்தியைப் பாக்கப் போறதை விட்டுட்டா இதை இழுத்துக்கிட்டே இருந்தீங்க மாஸ்டர், எனக்குச் சொல்லியிருந்தா மனுவே கொடுத்திருக்க மாட்டேனே என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் அம்மா பழக்கதோஷத்தில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போயிருக்கிறாள். கூட்ட ஒன்றுமில்லை. ஒரு இலைகூட இல்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள், பிறகு வெறும் தரையையே ஒருதரம் கூட்டிவிட்டு வந்தாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன், ஆறிப்போய்விட்டது. அவளுக்கு அது பிடிக்காமல் வெட்டவில்லை அம்மா. எனக்காக வெட்டியிருக்கிறாள், நான் கிளம்ப வேண்டும் என்பதற்காக வெட்டியிருக்கிறாள்.

அதனால் உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுவர் ஒரு சாக்கு, செடி ஒரு சாக்கு. எனக்குப் பயம். உன் ஊருக்கு வர எனக்குப் பயமாக இருந்தது. விமானத்தைப் பார்த்துப் பயமில்லை, குளிரைப் பார்த்துப் பயமில்லை, உன்னைப் பார்த்துத்தான். நீ எனக்குத் தனி அறை கொடுப்பாய், ஹீட்டர் எப்படிப் போடுவது என்று மெதுவாகச் சொல்லிக்கொடுப்பாய், அப்பாவுக்கு இது பழக்கமில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்வாய், கடைக்குப் போனால் கையைப் பிடித்துக்கொள்வாய். நீ நல்ல பிள்ளை, இதையெல்லாம் முகம் கோணாமல் செய்வாய், அதுதான் பயம். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவன் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா, நீ முதன்முதலாக வண்டி எடுத்து ஆற்றுப் பாலத்தில் ஏறினபோதுகூட என் காலடியில் அது இருந்தது, அதனால்தான் நான் அவ்வளவு தைரியமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டில் என் காலடியில் ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் நீதான் ஓட்டுவாய். இதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மரத்தைச் செடி என்றும் ஒரு நல்ல மனுஷனை எதிராளி என்றும் சொல்லித் திரிந்திருக்கிறேன், உன் அம்மாவின் பேத்தியை ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்குள்ளேயே அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னைவிடச் சின்னக்குட்டிக்குப் புத்தி ஜாஸ்தி, அது எழுந்து நிற்க வேண்டுமானால் பக்கத்தில் இருக்கிறவர் விரலைப் பிடித்துக்கொள்கிறதாமே.

பல் விஷயம் இதுதான். நேற்று போய் டாக்டர் நாற்காலியில் படுத்துவிட்டேன். நான் வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல் கிடந்த நேரம் பார்த்து, இத்தனை நாள் பேசாமல் விட்டதையெல்லாம் அவர் பேசித் தீர்த்துவிட்டார், நானும் ஆ ஆ என்று எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் வேர் எடுத்தாச்சு, மறு பக்கமும் எடுத்துருவோம் என்று அடிமரத்தைத் தோண்டி எடுக்க ஆள் சொல்லியிருக்கிறார். சுவரை இரண்டு வீட்டாரும் சேர்ந்து கட்டுகிறோம், நாங்கள் இல்லாதபோது அவரே கூட நின்று கட்டச் சொல்வாராம், வீட்டுச் சாவியும் அத்தையிடம்தான் இருக்கும். சாவியை ஒளித்து வைப்பதில் அவளுக்கு இருக்கிற திறமை இப்போது ஊருக்கே தெரியும், பத்திரமாகத்தான் இருக்கும். பல்லுக்கு இன்னும் ஒரு தடவை போனால் முடிந்துவிடும், ஆகவே அதையும் சாக்காகச் சொல்ல முடியாது.

டிக்கெட் போட்டுவிடு. எந்த நாள் என்று என்னைக் கேட்காதே, அம்மாவைக் கேள். திரும்பி வருகிற நாளையும் அவளையே கேள். அவள் பெட்டியை மூடிவிட்டாள், ஸ்வெட்டர் இரண்டாவது தடவை பின்னியது சரியாக இருக்கும் என்கிறாள், இல்லாவிட்டால் அங்கே வந்து பிரித்துப் பின்னுவாளாம். நீ வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு ஓடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே, மாப்பிள்ளையையும் நேரத்துக்குத் தூங்கச் சொல். குட்டிக்கு என் முத்தம், நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல், நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அப்பா மனசார வாழ்த்துகிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எங்களைக் கூட்டிப்போக விமான நிலையத்துக்கு மாப்பிள்ளையை அனுப்பாதே, அவருக்கு வேலை இருக்கட்டும். நீ வா. நீயே வண்டியை ஓட்டிக்கொண்டு வா. அம்மா பின்னால் குட்டியோடு உட்காரட்டும், நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா